நாலரை மணிச் சங்கு

அந்தப் பெட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள், மேடம். வெயில் பட்டால் சுருதி நகர்ந்துவிடும். உங்கள் கான்ஸ்டபிள்கள் இரண்டு பேரும் அதைப் பத்திரமாகத்தான் தூக்கிவந்தார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் பழைய காலத்து டிசைன், சூடு தாங்காது.

எழுதுகிறவருக்குப் புரிய வேண்டுமென்றால் முதலில் இதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாடுலர் சிந்தசைசர் என்று பெயர். பியானோ மாதிரிக் கட்டைகள் கிடையாது. நாப், ஸ்விட்ச், ஒயர், அவ்வளவுதான். இடது ஓரத்தில் பெரிய நாப் ஒன்று இருக்கிறதே, அந்தப் பலகைக்கு ஆசிலேட்டர் என்று பெயர். சத்தம் பிறக்கிற இடம் அதுதான். பெரிய நாப்பைத் திருகினால் சத்தம் அடித்தொண்டையிலிருந்து உச்சிக்குப் போகும். கீழே இருக்கும் சின்ன நாப் அதே வேலையை நூலளவாகச் செய்யும். பக்கத்து ஸ்விட்சை ஒரு பக்கம் தள்ளினால் சத்தம் வழவழவென்று வரும், மறுபக்கம் தள்ளினால் ரம்பம் போடுகிற மாதிரி கரகரவென்று வரும். தொட்டுப் பார்க்கிறீர்களா? தாராளமாகப் பாருங்கள். இனிமேல் யார் தொட்டால் என்ன.

முக்கியமான விஷயம், இதில் சேவ் என்பதே கிடையாது. கம்ப்யூட்டர் மாதிரி ஒரு பட்டனை அழுத்தி நாளைக்கு எடுத்துக்கொள்ள முடியாது. நாப் எந்த இடத்தில் நிற்கிறதோ, ஒயர் எதில் சொருகியிருக்கிறதோ, அதுதான் அந்தச் சத்தம். கலைத்துவிட்டால் போச்சு. ஃபோட்டோ எடுத்துவைத்தால் போதாதா என்று சௌம்யாகூடக் கேட்டிருக்கிறாள். சௌம்யா என் மனைவி. போதாது. ஒரு முடி அளவு தள்ளி நின்றாலும் வேறு சத்தம்.

நேற்று நான் தூங்கிவிட்டேன் என்று சொன்னேன். அது பொய். அப்படியே விட்டுவிட்டால் எனக்கு நல்லது என்று வக்கீல் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் தூங்கிவிட்டான் என்று எழுதினால் என்னைச் சோம்பேறி என்று எழுதின மாதிரி ஆகிறது. நாற்பத்துநாலு வயதில் முதல் தடவையாக ஒரு வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறேன். அன்றைக்குப் போய் தூங்கினான் என்றா எழுதுவீர்கள்?

என் அப்பா ஜெயராமன் ஆவடியில் பாதுகாப்புத் துறை ஆலையில் முப்பத்தாறு வருடம் டர்னராக இருந்தார். லேத் வேலை. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் குவார்ட்டர்ஸில்தான். அங்கே யார் வீட்டிலும் கடிகாரம் பார்க்க மாட்டார்கள். சங்குதான் எல்லாம். ஏழு மணிக்கு நீளமாக ஒரு சங்கு, எழுந்து தயாராக. ஏழரைக்குச் சின்னதாக இரண்டு, அதற்குள் கேட்டில் இருக்க வேண்டும். சாயங்காலம் நாலரைக்கு மெதுவாக ஏறி மெதுவாக அடங்குகிற ஒன்று, வீட்டுக்குப் போக. ரிடையர் ஆன பிறகு சேக்காட்டில் ஃப்ளாட் வாங்கி வந்தோம். அங்கே சங்கு கேட்காது.

நாலு வருடத்துக்கு முன்னால் அவருக்கு மறதி ஆரம்பித்தது. அம்மா போன பிறகு அது வேகமெடுத்தது. யாராவது ஒருத்தர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்றானபோது, சௌம்யாவுக்கு அப்போதுதான் மேனேஜர் பதவி வந்திருந்தது. ஆக, நான் விட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. அப்பாவுக்கு மட்டும் அன்றைக்கு நினைவு நன்றாக இருந்தது. "ஆரம்பிச்சத முடிக்கிற பழக்கமே ஒனக்கு கெடையாதுடா பூபாலா. காலேஜ வுட்ட, இப்போ இதையும் வுட்டுட்ட" என்றார். அவருக்காகத்தான் விட்டேன் என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அஞ்சு நிமிடத்தில் மறந்துவிடுவார். அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

வீட்டில் இருக்கிற நேரத்தில்தான் இந்தப் பெட்டியை ஒவ்வொரு பலகையாகச் சேர்த்தேன். நாப்களைக் கரையான்சாவடியில் பழைய ரேடியோ பிரிக்கிற கடையில் பொறுக்கினேன். நல்ல கனமான நாப்கள், கையில் நிற்கும். போன ஐப்பசியில் ஒரு நாள் ஸ்விட்சைக் கரகர பக்கம் தள்ளிவிட்டுப் பெரிய நாப்பை மெதுவாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். சும்மாதான். திரும்பினால் அப்பா வாசலில் நிற்கிறார். உள்ளே வந்தார். எல்லா நாப்களையும் ஒவ்வொன்றாக ஜீரோவுக்குத் திருப்பினார். ஒயர்களைப் பிடுங்கி, அழகாகச் சுருட்டி, வேட்டி முனையால் பெட்டியைத் துடைத்தார்.

"இன்னா தம்பி, சங்கு ஊதியாச்சு, மெஷின ஓடவுட்டுகினு கீற? டயலு எல்லாம் ஜீரோல வெச்சிட்டுதான் வெளிய போவணும். அட்த்த ஷிஃப்ட்காரன் வந்து கை வெச்சா வெரலு பூடும்" என்றார்.

லேத் ஆட்களுக்கு அது சட்டம் மாதிரி. ஷிஃப்ட் முடிந்தால் எல்லா டயலையும் ஜீரோவுக்குக் கொண்டுவந்து துடைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அவர் மேல் தப்பில்லை. ஒன்பது நாளாக நான் வைத்திருந்த சத்தம் அரை நிமிடத்தில் போனது. என்னைத் தம்பி என்றார், யாரோ அப்ரண்டிஸ் பையன் என்று நினைத்து. அது வலித்தது. ஒயரைவிட அது அதிகமாக வலித்தது, எழுதிக்கொள்ளுங்கள், நான் கல் இல்லை.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று தடவை. நான் செய்கிற இசையில் சத்தம் மெதுவாக ஏறும், அதுதான் அதன் அழகே. ஏறினால் அவருக்கு நாலரை. கதவைப் பூட்டிப் பார்த்தேன். "டேய், சூப்பர்வைசர் பூட்டிட்டான், மெஷின் ஓடுதுடா" என்று இரண்டு கையாலும் அடித்தார். நான் பழைய ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்கிறவன், அப்போதுதான் சத்தத்தில் அறையின் உடம்பு இருக்கும். கதவில் விழுகிற அடியும் அதில் விழும்.

இப்போது நான் சொல்லப்போவது எனக்குச் சாதகமானது, அதையும் விடாமல் எழுத வேண்டும். அந்தச் சமயத்தில் அப்பா குளிக்க மறுத்துக்கொண்டிருந்தார். சௌம்யா கெஞ்சினாள், நான் கத்தினேன், நர்ஸ் ஒருத்தர் வந்து மூன்று நாளில் ஓடிப்போனார். எனக்கு ஒரு யோசனை வந்தது. நினைவிலிருந்து அந்த ஏழு மணிச் சங்கை இந்தப் பெட்டியில் செய்தேன். கரகர ஸ்விட்ச், பெரிய நாப் ஏழெட்டு விநாடியில் முக்கால்வாசி வரை, பிறகு அப்படியே பிடித்து நிறுத்தம். அப்பா எழுந்தார். பல் தேய்த்தார். குளித்தார். பேன்ட், சட்டை, பெல்ட். சௌம்யா சமையலறையில் நின்று அழுதாள். "நீ மட்டும் இல்லன்னா நான் இன்னா பண்ணியிருப்பேன்" என்றாள். அவரை ஆறு மாதம் தினமும் குளிக்கவைத்தது நான். எந்த டாக்டராலும் முடியவில்லை, ஒரு நாப்பால் முடிந்தது.

இரண்டாவது சங்கை நான் செய்திருக்கக் கூடாது என்பீர்கள். ஆர்வம்தான், வேறென்ன. அடுத்த வாரம் சின்னதாக இரண்டு தடவை ஊதிப் பார்த்துவிட்டு நான் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் ஆள் இல்லை, டிஃபன் பையும் இல்லை. எங்கே போயிருப்பார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. ஆலையின் பழைய மூன்றாம் கேட் எங்கள் ஃப்ளாட்டிலிருந்து இருபத்தைந்து நிமிட நடை. அதை மூடிப் பல வருடமாகிறது, காவலுக்குக்கூட ஆள் இல்லை. கேட்டுக்கு வெளியே ஒரு சிமென்ட் பெஞ்ச், ஒரு தூங்குமூஞ்சி மரம், எதிரே யூசுப் பாயின் டீக்கடை. பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன், வரவில்லை.

"நானும் சொல்லிகினேதான் சார் கீறேன். நாலரை சங்கு ஊதுனாதான் எய்ந்திருப்பேன்றாரு. டீ குத்தா, டூட்டில டீ குடிக்கக் கூடாதுன்றாரு" என்றார் யூசுப் பாய்.

நான் வீட்டுக்கு ஓடி, நாலரை மணிச் சங்கைச் செய்து ஃபோனில் பதிவு செய்துகொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்று போட்டேன். எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டார். பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார், மேடம். அவ்வளவு திருப்தியான முகத்தை நான் அவரிடம் சின்ன வயதில்கூடப் பார்த்ததில்லை. அன்று ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்கினார்.

அதனால் தினமும் அனுப்பினேன். பத்தரைக்கு இரண்டு சின்னச் சங்கு. ஒரு மணிக்கு நான் பைக்கில் போய் நாலரைச் சங்கு. அவருக்கு வேலைக்குப் போன திருப்தி, எனக்கு இரண்டரை மணி நேரம். சௌம்யாவிடம் வாக்கிங் போகிறார் என்று சொன்னேன், அது பொய்யும் இல்லை. நடந்துதானே போனார். அந்தப் பெஞ்சில் ஒன்று ஒன்றேகால் வரை நிழல் இருக்கும். அப்புறம் நிழல் மதில் பக்கம் போய்விடும். தினமும் அங்கே போய் நின்றவன் நான். அது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

மே பதினாலு. பெங்களூரில் ஒரு சின்னக் குழு, இந்த மாதிரிப் பெட்டி வைத்திருப்பவர்கள் எட்டுப் பேரின் இசையை இசைத்தட்டாகப் போடுகிறது. என்னுடைய மூன்று நிமிடத் துண்டைக் கேட்டுவிட்டு, முழுசாக அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். கடைசி நாள் பதினாலாம் தேதி, சாயங்காலம் ஆறு மணி. பதினோரு நாளாக அந்தச் சத்தத்தை வைத்திருந்தேன். அந்தப் பதினோரு நாளும் அதை வாசித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்காதீர்கள், கலையாமல் காவல் காத்துக்கொண்டிருந்தேன். சங்குகளையெல்லாம் ஃபோனிலிருந்துதான் போட்டேன். பெட்டியைப் போர்வை போட்டு மூடி, முன்னால் அலமாரியை நகர்த்திவைத்திருந்தேன்.

இசை இருபத்தொரு நிமிடம். இரண்டு ஆசிலேட்டர். ஒன்று அப்படியே நிற்கும். இன்னொன்றைச் சின்ன நாப்பால் கையாலேயே ஏற்ற வேண்டும், இருபத்தொரு நிமிடமும் விடாமல். கை ஒரு இடத்தில் தயங்கினால் கேட்டுவிடும். தொடங்குவதற்கு முன்னால் பெட்டி ஒரு மணி நேரம் ஓடிச் சூடாக வேண்டும், அப்புறம்தான் சுருதி நிற்கும். ஃபேன் போடக் கூடாது, மைக்கில் விழும். ஜன்னலைத் திறக்கக் கூடாது. கத்திரி வெயிலில் அந்த அறை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நானும் வெந்துகொண்டுதான் இருந்தேன். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பத்தரைக்கு அப்பாவை அனுப்பினேன். பன்னிரண்டுக்கு முதல் டேக், கேஸ் வண்டிக்காரன் சிலிண்டரைத் தட்டிக் கெடுத்தான். இரண்டாவதில் கை ஒரு இடத்தில் தயங்கிவிட்டது. ஒரு மணி ஆனது தெரியும். போய் அழைத்துவந்தால் அவர் நேராக அந்த அறைக்கு வருவார், மறைக்க அலமாரியும் இல்லை, அதை நகர்த்தியாயிற்று, பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு டேக், அப்புறம் போகலாம் என்று நினைத்தேன். ஒன்றரைக்கு யூசுப் பாய் கூப்பிட்டார்.

"சார், பெஞ்சு மேல வெயில் வந்துட்சி. நகருங்க நைனான்னா என்னியே தள்றாரு. சீக்கிரம் வா சார்."

வருகிறேன் என்று சொன்னேன். மூன்றாவது டேக் தொடங்கினேன். பதினாலாவது நிமிடத்தில், எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, ஃபோன் மேஜையில் அதிர்ந்தது. அந்த அதிர்வு மைக்கில் விழுந்தது. டேக் போச்சு. எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. எடுத்தேன். மறுபடியும் பாய்தான். மணி இரண்டு ஐந்து. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகிற நேரம் அவருக்கு.

"அவரு ஒரு மாதிரியா பேசறாரு சார். மூஞ்செல்லாம் செவந்து கீது. ஒன்னால வர முடியலன்னா அந்தச் சங்கு சத்தத்த என் வாட்ஸப்புக்கு அனுப்பு, நான் போட்டுக் காட்டி ஆட்டோல ஏத்தியாறேன்."

நல்ல யோசனை. இன்று வரை அதைவிட நல்ல யோசனை எனக்கும் வரவில்லை. ஃபோன் என் கையில், பதிவு அதில். நீங்கள்தான் பார்த்தீர்களே, 'நாலரை' என்று பெயர் போட்டு வைத்திருக்கிறேன். அனுப்ப இரண்டு விநாடி. அவர் கேட்டு எழுந்து ஆட்டோவில் ஏறினால் பத்து நிமிடத்தில் வீடு. வந்தால் எல்லா நாப்பும் ஜீரோ. கீழே பிடித்து நிறுத்தியிருக்கலாமே, பக்கத்து வீட்டில் விட்டிருக்கலாமே என்று நீங்கள் நேற்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. யோசித்திருந்தால் ஏதாவது வழி கிடைத்திருக்கும். ஆனால் பெட்டி சூடேறி நின்றிருந்தது, நான் யோசிக்க விரும்பவில்லை.

பாயிடம் சொன்னதை வார்த்தை மாறாமல் சொல்கிறேன். "நான் கெளம்பிட்டேன் பாய், பைக் எடுத்துட்டேன். நீங்க ஊட்டுக்குப் போங்க." என் குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது. "சரி சார், நீ வந்துட்டா சரி" என்று அவர் நம்பிப் போனார். அந்த மனிதர் பாவம், அழுதுகொண்டிருக்கிறாராமே. அவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் போகக் கூடாது என்று நினைத்திருந்தால் நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஃபோனை அணைத்தேன். இந்த முறை சமையலறையில் கொண்டுபோய் வைத்தேன். தண்ணீர் குடித்தேன், இரண்டு டம்ளர். நாலாவது டேக் பாதியில் கரண்ட் ஒரு மினுக்கு மினுக்கியது, நிறுத்தினேன். ஐந்தாவதை இரண்டு நாற்பத்தொன்பதுக்குத் தொடங்கி மூன்று பத்துக்கு முடித்தேன். கை எங்கேயும் தயங்கவில்லை. வெளியே ஒரு காக்காகூடக் கத்தவில்லை. கடைசியில் சத்தம் உச்சிக்கு வந்து மற்றதோடு சேர்ந்து ஒன்றாகிற இடம் இருக்கிறதே, அங்கே எனக்குக் கண்ணீர் வந்தது. நான் முடித்துவிட்டேன். ஆரம்பித்ததை முடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது என்றவர் வந்து கேட்டிருக்க வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தேன். நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம், நான் அவரை நேசித்தவன்தான்.

பைக் சாவி கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. ஆறு நிமிடம் போதும், மூன்றேகாலுக்கெல்லாம் அங்கே இருந்திருக்கலாம். போகவில்லை. பதிவு சரியாக விழுந்திருக்கிறதா என்று தெரியாமல் போனால், வந்து அவர் கலைத்த பிறகு தப்பு தெரிந்தால், திரும்பச் செய்ய முடியாது. அதனால் ஹெட்ஃபோன் போட்டு உட்கார்ந்து கேட்டேன். இருபத்தொரு நிமிடம். பிறகு இன்னொரு தடவை கேட்டேன். இருபத்தொரு நிமிடம். பெங்களூருக்கு அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது என்று வந்தது. முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். நான் போனபோது மணி நாலு பத்து. யூசுப் பாய் கடை திறக்க முன்னாடியே வந்திருக்கிறார், பெஞ்சுக்குக் கீழே அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பாய் என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்லத் தேவையில்லை, அவரே உங்களிடம் சொல்லியிருப்பார்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா, மூன்றரைக்குக் கொண்டுவந்திருந்தால்கூடக் காப்பாற்றியிருக்கலாம் என்று சொன்னதாகச் சொல்கிறீர்கள். சொல்லட்டும். வருத்தப்படுகிறாயா என்று கேட்டால், இசைக்காக வருத்தப்பட மாட்டேன். இன்னொரு மே பதினாலு வந்தாலும் அந்த டேக்கை நிறுத்தியிருக்க மாட்டேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது தடவை கேட்டது தேவையில்லைதான். முதல் தடவையிலேயே நன்றாக வந்திருப்பது தெரிந்துவிட்டது.